கலைக்காத கட்டு

வில்லியனூரில் நானும் என் கணவரும் நடத்தும் கடை முதலில் வெறும் நோட்டுப் புத்தகக் கடையாகத்தான் இருந்தது. பிறகு பரிசுப் பொருள் சேர்ந்தது, பொம்மை சேர்ந்தது, ஜெராக்ஸ் மிஷின் வந்தது. இப்போது நாங்கள் இரண்டு பேர் ஒரே சமயத்தில் உள்ளே நடக்க முடியாத அளவுக்கு அடைசல். போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில், புதுச்சேரியிலிருந்து பொம்மைச் சரக்கு கொண்டுவரும் ஏஜென்ட் ஒரு கனமான அட்டைப்பெட்டியைக் கல்லாவின் மேல் வைத்தார்.

உள்ளே இரண்டு சீட்டுக்கட்டுகள் இருந்தன. ரம்மி ஆடும் சீட்டு இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம், அதன் பலம் என்று ஓர் எண், அது என்ன செய்யும் என்று இரண்டு வரி. ஆளுக்கு ஒரு கட்டு. மாற்றி மாற்றிச் சீட்டு எடுத்து இறக்கி எதிராளியின் உயிர்ப் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். இந்த ஒரு பெட்டி இருந்தால் இரண்டு பேர் ஆடத் தொடங்கிவிடலாம். ருசி கண்டவர்கள் பிறகு தனித்தனிப் பாக்கெட்டாக வாங்கிச் சேர்ப்பார்களாம், நண்பர்களோடு மாற்றிக்கொள்வார்களாம்.

"சீட்டுக்கட்டுக்கு இம்மாம் விலையா? நம்ம ஊர்ல எவன் வாங்குவான்?" என்றார் என் கணவர்.

ஆனால் கண்ணாடி அலமாரியில் வைத்த அன்றே ஒரு காலேஜ் பெண் வந்து நின்றுவிட்டாள். "அக்கா, இது வாங்கலாமா? இதோட முடிஞ்சிடுமா, இல்ல மேல மேல காசு போய்க்கினே இருக்குமா?"

பேனா எழுதுமா என்று கேட்டால் எழுதிக் காட்டுவேன். இதை என்ன செய்து காட்டுவது? ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு, ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து வைத்தேன். என் கணவரோடு ஆட முடியாது. அவர் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். எனக்கு அக்காவின் நினைவு வந்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பாகூருக்கு அந்தாண்டை, ஏரிக்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கரும்புக்கொல்லை நடுவே வீடு. மாமா, அதாவது அவள் கணவர், நெல்லும் கரும்பும் வைக்கிறவர். ஒரே மகள் சென்னையில் ஹாஸ்டலில் படிக்கிறாள். அந்த வருஷத் தீபாவளி கழிந்து சில நாட்களில், மாமாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போன அக்கா ஏரிக்கரைத் திருப்பத்தில் விழுந்துவிட்டாள். மாமாவுக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அக்காவுக்குத் தலையில் அடி. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கண் விழித்து, ஒருவழியாகத் தேறி வீட்டுக்கு வந்தாள். டிவி கூடாது, செல்போன் கூடாது, தனியாக அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவள் ஆட்களை மறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் "வா பாப்பா" என்றாள். என்னை அப்படிக் கூப்பிடுகிறவள் இப்போது அவள் ஒருத்திதான். ஆனால் சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டு எடுத்து வைப்பாள். விழுந்த நாளை எடுத்துக்கொண்டால், காலையில் எழுந்தது முதல் எதுவும் அவள் ஞாபகத்தில் இல்லை.

கரும்பு வெட்டு சீசன் நெருங்கியதால் மாமா ஆள் பிடிக்கவும் ஆலைக்கு அலையவும் வெளியிலேயே இருந்தார். மத்தியானங்களில் நான் போய்த் துணைக்கு இருப்பது என்று ஏற்பாடு. சமையலை முடித்து ஸ்கூட்டியில் கிளம்பினால் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவேன்.

அந்த வீட்டில் எனக்கு எப்போதுமே ஒரு சங்கடம் உண்டு. கரும்பு வளர்ந்துவிட்டால் பின்பக்க அறையில் பகலிலேயே பச்சையாக ஒரு இருட்டு கட்டிக்கொள்ளும். ஜன்னல் கம்பி வரைக்கும் சோகை, கரும்பின் காய்ந்த தோகை, வந்து உரசும். காற்று இல்லாத நேரத்திலும் உள்ளே எங்கோ யாரோ நடக்கிற மாதிரி சரசரக்கும். எலியாக இருக்கும், கீரியாக இருக்கும். பெரிய அறை அதுதான் என்பதால் அக்கா அங்கேதான் பாய் விரிப்பாள்.

முதல் நாள் பெட்டியைப் பிரித்தபோது இரண்டு கட்டுகளையும் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருந்தது. கலைக்காதீர்கள், முதலில் விளக்கப் புத்தகத்தைப் படியுங்கள் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். ஒரு கட்டு வெயில், இன்னொன்று நீர். அக்கா நீரை எடுத்துக்கொண்டாள். நான் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"முதல் ஆள் ஒரு சீட்டு எடுக்கவும். அது நெருப்பு வால் நரி. அதைக் கீழே இறக்கவும்."

எடுத்தேன். வாலில் தீ பிடித்த நரி. இறக்கினேன்.

"ரெண்டாவது ஆள் இப்ப ஒரு சீட்டு எடுப்பாங்க. அது விளக்குக்காரி."

அக்கா மேல் சீட்டைத் திருப்பினாள். இடுப்பளவுத் தண்ணீரில் கையில் விளக்கோடு நிற்கும் ஒரு பெண். முகம் தெரியவில்லை. தண்ணீரில் விழும் பிம்பத்தில் மட்டும் முகம் இருந்தது. அக்கா சீட்டைக் கீழே போட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"என் கையில இன்னா வரும்னு அதுக்கு எப்படிடி தெரியும்?"

"முதல் ஆட்டம் கத்துக்கறதுக்குக்கா. சீட்ட வரிசையா அடுக்கியே வச்சிருக்காங்க. புத்தகம் சொல்ற மாதிரியே வரும். அடுத்த ஆட்டத்துலேருந்துதான் கலைச்சிட்டு ஆடணும்."

அவள் சிரித்தாள். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு சீட்டையும் அவள் திருப்பிய விதம் வேறாக இருந்தது. நான் பெயரைச் சொன்னதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புவாள். சொன்னதே வந்ததும் மூச்சை விடுவாள். ஓடக்காரன் வந்தான். இரட்டைத் தலை ஆமை வந்தது. கடைசியில் எனக்கு வறட்சி என்ற சீட்டு வர, அவளுடைய நீரெல்லாம் வற்றி அவள் தோற்றாள். அதையும் புத்தகம் முன்கூட்டியே சொல்லியிருந்தது.

"நல்லா இருக்குதுடி" என்றாள் அக்கா. விழுந்ததற்குப் பிறகு அவள் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நான் போனபோது பாயும் கட்டுகளும் தயாராக இருந்தன. "கலைச்சு வச்சிட்டேன்" என்றாள். நானும் நம்பி ஆரம்பித்தேன். எனக்கு முதலில் நரி வந்தது. அவளுக்கு விளக்குக்காரி. சரியாகக் கலைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டம் முந்தின நாள் போலவே போய் முந்தின நாள் போலவே முடிந்தது.

அதற்கடுத்த நாளும் அப்படியே.

பிறகு அவள் திருப்புவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தாள். "விளக்குக்காரி" என்று சொல்லிவிட்டு எடுப்பாள். அதுவே இருக்கும். என் கையில் இருப்பதையும் சொன்னாள். "உனக்கு இப்ப மணல்பாம்பு வந்திருக்கு." என் சீட்டு எனக்குத்தான் தெரியும், அவளுக்குச் சீட்டின் முதுகுதான் தெரியும். குனிந்து பார்த்தால் மணல்பாம்பு. அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்க மாட்டாள். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்டுச் சொல்கிற மாதிரி சொல்வாள்.

"எப்படிக்கா தெரியுது?"

"வரப்போறதுதானே" என்றாள்.

நான் கட்டுகளைக் கடைக்கு எடுத்துவந்து என் கணவரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு சீட்டின் முதுகையும் டியூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தார். மடிப்பு, கீறல், மை அடையாளம், எதுவும் இல்லை. "உங்க அக்கா அடுக்கி வைக்கறாங்கம்மா. வேற இன்னா?" என்றார். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. சாப்பிட்டதை மறக்கிறவளால் இத்தனை சீட்டை எப்படி வரிசையாக அடுக்க முடியும் என்பதுதான் புரியவில்லை.

இதற்கிடையில் அந்தக் காலேஜ் பெண் மறுபடி வந்தாள். ஆடிப் பார்த்தவரை அவளிடம் நேர்மையாகச் சொன்னேன். கூட உட்கார்ந்து ஆட ஒரு ஆள் நிச்சயமாக இருந்தால் வாங்கலாம். ஆள் இல்லையென்றால் வெறும் படம் பார்க்கத்தான். சொல்லித்தரும் விதம் நன்றாக இருக்கிறது, ஒன்றும் தெரியாதவர்கள்கூடக் கற்றுக்கொள்ளலாம். பாக்கெட் உடனே வாங்கத் தேவையில்லை, இந்த இரண்டு கட்டே பல மாதம் தாங்கும். அதிலேயே சலித்தால் மட்டும் மேலே வாங்கிக்கொள்ளட்டும். அவள் தன் ரூம்மேட்டோடு வந்து வாங்கிப் போனாள். நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். கலைக்காமல் ஆடாதே என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

தை பிறந்தபின் ஒரு நாள் பாகூரில் சொந்தக்காரர் வீட்டில் மஞ்சள் நீராட்டு. காலையிலேயே பந்தி முடிந்துவிட்டது. வில்லியனூர் போய்த் திரும்புவதற்குப் பதில் நேராக அக்கா வீட்டுக்கே போய்விடலாம் என்று கிளம்பினேன். கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்ததால் வண்டிப்பாதை சேறாகக் கிடந்தது. ஸ்கூட்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, வாய்க்கால் வரப்பு மேல் நடந்து வீட்டின் பின்பக்கமாக வந்தேன். ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் சுவர். ஜன்னலை நெருங்கும்போது பேச்சு சத்தம் கேட்டது.

அக்கா பாயில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் விரித்துக் கிடந்தது. அதிலிருந்த படங்களோடு ஒப்பிட்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியபடி பேசினாள். எதிரே, நான் வழக்கமாக உட்காரும் இடத்தில், ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்திருந்தது.

"வா பாப்பா. இந்த வெயில்ல ஏன் வர்றே" என்றாள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பதில் வந்துவிட்டது. அவளே சொன்னாள், கொஞ்சம் மெலிந்த குரலில், என் குரலில். "வெயில் இன்னாக்கா பண்ணும்."

என் கால் வரப்பிலேயே ஒட்டிக்கொண்டது.

"நரி" என்றாள் என் குரலில். "விளக்குக்காரி" என்றாள் தன் குரலில். நான் சீட்டு இறக்கும்போது நாக்கை ஒரு மாதிரி தட்டுவேன் போலிருக்கிறது. அதையும் செய்தாள். அப்படி ஒரு பழக்கம் எனக்கு இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப ஃபோன் வரும்" என்று சொல்லி, கையைக் காதில் வைத்து, "சொல்லுங்க. மேல் தட்டுல பாருங்க. இல்ல, மேல் தட்டுல" என்றாள்.

பிறகு நிறுத்தினாள். ஜன்னல் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தாள். என்னைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் கண் தரையில் இருந்தது. மிக மெதுவாக, எதிரே இருந்த தண்ணீர்த் தம்ளரிடம் சொன்னாள்.

"இப்ப கூப்புடுவா. நீ திரும்பாத பாப்பா."

எனக்கு முதுகுக்குப் பின்னால் கரும்பு இருந்தது. திரும்பிப் பார்க்காமலேயே வரப்பில் பக்கவாட்டாக நகர்ந்து, சாலைக்கு வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு பாகூர் கடைத்தெருவுக்குப் போனேன். டீக்கடை வாசலில் டீ ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் அக்காவைத் தொட்டு, இன்னாக்கா இது என்று கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

வழக்கமான நேரத்துக்கு முன்வாசல் வழியாகப் போனேன்.

"வா பாப்பா. இந்த வெயில்ல ஏன் வர்றே."

அந்தப் பதிலைச் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் தீர்மானம் செய்திருந்தேன். "பரவால்லக்கா" என்றேன்.

அவள் முகம் அப்படியே நின்றது. கோபம் இல்லை, வருத்தம் இல்லை. படிக்கட்டில் ஒரு படி இல்லாமல் போக, காலை நீட்டிக்கொண்டு நிற்கிறவள் மாதிரி நின்றாள். மறுபடி சொன்னாள், அதே குரலில், அதே வேகத்தில். "இந்த வெயில்ல ஏன் வர்றே."

"வெயில் இன்னாக்கா பண்ணும்" என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். உட்கார்ந்தோம்.

நரி. விளக்குக்காரி. ஓடக்காரன். நாக்கைத் தட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தட்டியபிறகுதான் தெரிந்தது. பாதி ஆட்டத்தில் என் செல்போன் அடித்தது, என் கணவர். எடுக்காமல் இருந்திருக்கலாம். கடையில் கூட்டமாக இருந்தால் பாவம், தனியாக இருப்பார்.

"சொல்லுங்க."

"அந்த தங்கக் கலர் பேப்பர் ரோல் எங்க வச்சே?"

அது நிஜமாகவே மேல் தட்டில்தான் இருந்தது. வேறு எங்கே என்று சொல்வது? "மேல் தட்டுல பாருங்க" என்றேன். அவர் சட்டென்று எதையும் கண்டுபிடிக்கிறவர் இல்லை. "இல்ல, மேல் தட்டுல" என்று நான் சொன்னபோது அக்காவின் உதடு என் உதட்டோடு சேர்ந்து அசைந்தது.

போனை வைத்தேன். அறையில் சத்தமே இல்லை. சோகைகூட உரசவில்லை.

"பாப்பா."

ஜன்னலுக்கு வெளியிலிருந்து. ரொம்ப தூரம் இல்லை. கரும்புக்குள்ளிருந்து. தண்ணீரிலிருந்து வந்த மாதிரி கொஞ்சம் அமுங்கிய குரல். அக்கா என் எதிரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் அது அக்காவின் குரல்.

நான் திரும்பினேன். கம்பி, அதற்கப்பால் கரும்பு, பச்சை, அதற்கப்பால் இருட்டு. எதுவும் அசையவில்லை.

மறுபடி முன்னால் பார்த்தபோது அக்காவின் கண் நிறைந்திருந்தது.

"திரும்பாதன்னு சொன்னேனே."

என்னிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை. தம்ளரிடம்தான் சொன்னாள். அவளுக்கு அந்த வித்தியாசம் இல்லை. காலையில் தம்ளரோடு இருந்த நானும் இப்போது எதிரே இருக்கும் நானும் அவளுக்கு ஒன்று.

"அக்கா, நான் காலையிலயே வந்தேன். ஜன்னல்கிட்ட நின்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கையிலிருந்த சீட்டுகளை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள். மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"தெனம் காலையில ஒருக்கா எல்லாத்தையும் பார்த்து வச்சிக்கறேன் பாப்பா. நீ வர்றது, ஆடறது, ஃபோன் வர்றது, எல்லாம். அப்பறம் மத்தியானம் அதுவே வரும். நிம்மதியா இருக்கு."

"தெனம் நீதானேக்கா தோக்கறே."

"தோக்கப் போறேன்னு தெரிஞ்சு தோத்தா இன்னா இப்ப."

கொஞ்ச நேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விழுந்த நாளைப் பற்றிப் பேசினாள். அதுவரை அவள் என்னிடம் பேசியதே இல்லை.

"அன்னிக்கு நான் புளிசாதம் கெளறினேனாம். பச்சைப் புடவை கட்டிக்கினேனாம். வண்டியில ஏறும்போது உங்க மாமாகிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சேனாம். எல்லாரும் சொல்றாங்க. எவளோ ஒருத்தி என் புடவையக் கட்டிக்கினு, என் வூட்டுக்காரர் வண்டியில ஏறிப் போயிருக்கா. போனவ திரும்பி வரல. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சது நான். அவ எங்க போனா?"

ஜன்னல் பக்கம் பார்க்காமலேயே கையைக் காட்டினாள்.

"அவதான் கூப்புடறா. வழி தெரியல போல அவளுக்கு. திரும்பிப் பார்த்தா உள்ள வந்துடுவா. அவ வந்தா நான் எங்க போறது?"

அதைச் சொல்லும்போது அவள் குரலில் நடுக்கம் இல்லை.

நான் என்ன யோசித்துச் செய்தேன் என்று இப்போது சொல்ல முடியாது. இரண்டு கட்டுகளையும் பாயில் கொட்டி, இரண்டு கையாலும் கூழாங்கல்லைக் கலைக்கிற மாதிரி கலைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விழுந்ததற்குப் பிறகு அவள் கையில் அவ்வளவு பலம் இருந்ததை நான் பார்த்ததில்லை.

"வேணாம் பாப்பா. வேணாம்டி."

"ஒரே ஒரு ஆட்டம்க்கா. நான் பக்கத்துலயே இருக்கேன்."

வெயிலையும் நீரையும் பிரித்து, மறுபடி தனித்தனியாகக் கலைத்து, சீட்டை அவளையே வெட்டித் தரச் சொன்னேன். வெட்டினாள். முதல் சீட்டைத் திருப்ப அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. ஆமை வந்தது. விளக்குக்காரி இல்லை. அவள் அந்த ஆமையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கியது.

"இத இன்னா பண்றது?"

"உன் இஷ்டம்க்கா. இறக்கலாம், வச்சிக்கலாம்."

"புத்தகத்துல இன்னா போட்டிருக்கு?"

"இதுக்குப் புத்தகத்துல ஒண்ணும் இல்ல."

இறக்கினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு சீட்டுக்கும் அதே போராட்டம். நடுவில் ஒருமுறை எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். நிறுத்திவிடலாம் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் அவள் சீட்டை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு என் முகத்தை வேவு பார்த்தாள். நான் நரியை இறக்கியதும் அதன்மேல் ஓடக்காரனைத் தூக்கி அடித்து, "செத்தான்!" என்று கத்தினாள். சின்ன வயதில் தாயம் ஆடும்போது என் காயை வெட்டினால் இப்படித்தான் கத்துவாள். கடைசியில் என் உயிர் தீர்ந்துபோனது. அவளுக்குப் புரியவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் ஜெயிச்சனா?" என்றாள். சந்தேகமாக.

அன்று மாலை நான் கிளம்பும்போது மாமா வந்துவிட்டார். அக்கா உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டேன். "மாமா, இந்தப் பக்கம் வெட்டுக்கு ஆள் இறக்கிட்டீங்களா? மத்தியானம் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துது."

"இன்னும் இல்லியே. நாளன்னிக்குத்தான் இறங்கறாங்க" என்றார். பிறகு யோசித்து, "வழியில போற எவளாவது புள்ளையக் கூப்புட்டிருப்பா" என்றார். பாப்பா என்று யாரும் யாரையும் கூப்பிடலாம். உண்மைதான்.

கரும்பு வெட்டு வீட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே ஆணும் பெண்ணும் அரிவாளோடு வரிசையாக நின்றார்கள். கரும்பு சாயச் சாய அறைக்குள் வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. அந்த அறையின் சுவர் வெள்ளை அல்ல, இளநீலம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் நான் போனபோது கொல்லை முழுக்க மொட்டையாக இருந்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நேர் எதிரே ஏரிக்கரைச் சாலை தெரிந்தது. அதில் ஒரு டவுன் பஸ் ஊர்ந்து போனது. சாலை வளையும் இடத்தில் ஒரு கல். அக்கா விழுந்த இடம் என்று மாமா அந்தத் திருப்பத்தைத்தான் எப்போதும் சொல்வார்.

"இம்மாம் கிட்டயா?" என்றாள் அக்கா.

வண்டிப்பாதை சுற்றிக்கொண்டு போவதால் அது எங்கோ தூரத்தில் இருப்பதாகவே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். இத்தனை நாளும் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து ஆடியிருக்கிறோம். நடுவில் கரும்பு மட்டும்தான்.

"அங்க நின்னு கூப்புட்டா இங்க கேக்கும்" என்றார் மாமா, வேறு ஏதோ நினைப்பில்.

கரும்பின் அடிக்கட்டைகள் காலில் குத்தாமல் பார்த்து, நானும் அக்காவும் கொல்லை வழியாகவே நடந்து அங்கே போனோம். அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. திருப்பத்தில் நின்று, "இங்கயா?" என்று கேட்டாள். இங்கேதான் என்றேன். தார், ஓரத்தில் மண், கொஞ்சம் காய்ந்த புல். அடுத்தவர் வீட்டு வாசலைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதுவும் ஞாபகம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. திரும்பும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பேரும் பின்னால் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் வேகமாகத் தேறினாள் என்றுதான் சொல்ல வேண்டும். பங்குனிக்குள் அடுப்படி மறுபடி அவள் கைக்கு வந்துவிட்டது. சாப்பிட்டதை மறப்பதில்லை. ரேஷன் கடையில் வரிசையில் நின்று சண்டை போட்டுவிட்டு வந்ததாக மாமா பெருமையாகச் சொன்னார். சீட்டை அடுக்கி வைப்பதையும் விட்டுவிட்டாள். கலைப்பதற்கு என்னிடம்தான் தருவாள்.

இப்போது ஒரு வருஷம் ஆகிறது. வெட்டின அடியிலிருந்தே துளிர்த்த கட்டைக் கரும்பு மறுபடி ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. பின்பக்க ஜன்னலை அக்கா சாத்தியே வைத்திருக்கிறாள். கொசு வருகிறது என்கிறாள். நாங்கள் முன் அறையில் ஆடுகிறோம். நான் போவது இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பாக்கெட் ஒன்றுகூட வாங்கவில்லை, அந்த இரண்டு கட்டேதான். பெரும்பாலும் அவள்தான் ஜெயிக்கிறாள்.

அந்தக் குரலைப் பற்றி அவள் என்னிடம் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை. போன ஞாயிறு ஆட்டத்தின் நடுவே, ஏதோ கேட்ட மாதிரி, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையை நிமிர்த்தினோம். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சாத்தின ஜன்னல் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

"உன் கைதான், இறக்கு" என்றாள்.

நான் ஒரு சீட்டை எடுத்து இறக்கினேன்.